இரண்டு தீக்குச்சி இடைவெளி

ஜூன் 21, சனி

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. பீரோ மேல் கிடந்ததைச் சாவித்திரி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள். "எந்நேரமும் என்ர கிட்டயே பேசிட்டிருக்காதீங்க. இதுல எழுதுங்க" என்றாள். நான் வீட்டில் இருக்க ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகிறது.

விவரம்: பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தொன்று. கோபி–சத்தி தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாக டிரைவர். புதன்கிழமை காலை வாய்க்கால் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் விழுந்துவிட்டார். பஸ்ஸுக்குப் பக்கத்தில் விழுந்ததால், விசாரணை முடியும் வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. சஸ்பெண்ட் இல்லை, ரெஸ்ட்.

அவர் தானாக ஆடி விழுந்தார். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் போலீஸ் வந்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு கோடு கிடையாது. பஸ் பளபளவென்று இருந்தது. முதல் நாள் சாயங்காலமே நான் துடைத்து வைத்திருந்தேன். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறான். இன்றைக்கு: "மஞ்சள் நடவு செய்யும்போது பாருக்குப் பார் ஒன்றரை அடி இடைவெளி அவசியம்." எனக்கு மஞ்சள் காடு இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

என் பஸ் 8.10க்கு நம் வீட்டைத் தாண்ட வேண்டும். இன்று 8.11. தனபால் ஓட்டுகிறான். இரண்டாம் கியர் போடும்போது வண்டி கதறுகிறது.

எங்களுக்குப் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் எங்களுக்கும் மூன்று நிமிடம்தான். ஒரு நிமிடம் விட்டால் நிறுத்தத்தில் நிற்கிற ஜனம் அவனுக்கு. இந்த மூன்று நிமிடத்தை நான் பத்தொன்பது வருடம் காப்பாற்றியிருக்கிறேன். லாரிக்கும் மரத்துக்கும் நடுவில் நூல் போகிற இடம் இருந்தால் போதும், போய்விடுவேன். ஸ்டாண்டில் என்னை 'நூல் நாச்சி' என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

ஜூன் 27, வெள்ளி

விழுந்தவரைப் பார்க்கப் போனேன். சாவித்திரி மூன்று தடவை சொன்ன பிறகு போனேன்.

பெயர் ரங்கப்பன். வாய்க்கால் லஸ்கர். தண்ணீர் ஓடும் மாதங்களில் தினமும் பதினோரு கிலோமீட்டர் கரையோடு சைக்கிளில் போய், மதகுகளைப் பார்த்து, எங்காவது உடைப்பு இருந்தால் ஆபீசுக்குச் சொல்கிற வேலை. இப்போது வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. ஆகஸ்ட் பதினைந்தில் தண்ணீர் விடுவார்கள். இடது கணுக்காலில் மாவுக்கட்டு.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பதில்களைக் கூடப் போகிற வழியிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மனிதர் என்னைப் பார்த்ததும் கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க டிரைவரே. உங்க சர்வீசுல ஒரு கரும்புள்ளி வெச்சுப்புட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"நேராப் போனாப்புலதானுங் எனக்கு நெனப்பு. ஆனா போலீசுல, பஸ்சு படவே இல்லைங்கறாங்க. அப்ப நாந்தான ஆடியிருக்கோணும்? தலை சுத்தியிருக்குமாட்ட இருக்குது. விழுந்தவனுக்கு அது தெரியாதாமா. டாக்டரும் அதுக்கு மாத்திரை குடுத்திருக்கறாரு."

அவர் மனைவி ராமாத்தாள் காபி கொண்டு வந்தார். "இவர நாந் தனியா எங்கயும் உடறதில்லீங். குளிக்கப் போனாக்கூட கதவச் சாத்த வேண்டாம்னு சொல்லிப் போட்டேன். உள்ள உழுந்து கெடந்தா என்னுங் பண்றது?"

ரங்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் சைக்கிள் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். கரை வேலையை விட்டு, கோபி ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருடம் கரையில் போனவர். "கரைல தலை சுத்துனா வாய்க்காலுக்குள்ள போயிருவனுங்களே" என்றார்.

காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 1, செவ்வாய்

பொழுது போக வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒரு சைக்கிள் கிடைத்தது. நீலம். கியர் வைத்த மாடல். கியர் நசுங்கி, பின் சக்கரம் கோணி, வலது கிராங்கு வளைந்திருக்கிறது. கிராங்கு என்பது பெடலைத் தாங்குகிற கை. கியரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே பல்சக்கர வண்டியாக ஆக்கிவிடலாம் என்று யோசனை.

சாவித்திரி வாசலில் நின்று பார்த்தாள். "இது அந்தாளு சைக்கிளுங்களா?"

நீல சைக்கிள் ஊரில் ஆயிரம் இருக்கிறது என்றேன்.

ஜூலை 3, வியாழன்

காஜா சைக்கிள் கடை. காஜாவுக்கு என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆனாலும் பஸ் டிரைவர் ஆன நாளிலிருந்து என்னை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவான். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வெகுநேரம் பார்த்தான்.

"இடது பக்கம் உழுந்த வண்டிங்க இது. இடது பிடில செராப்பு இருக்குது, இடது பெடல் தேஞ்சிருக்குது. வலது கிராங்கு எப்படி வளைஞ்சுது?"

பழைய வண்டி, எத்தனை தடவை விழுந்ததோ என்றேன்.

"வலது கைப்பிடி ரப்பரும் வழிச்செடுத்தாப்புல இருக்குது."

டீ சொன்னேன். டீ வந்ததும் அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

ஜூலை 9, புதன்

பின்னால் ஒற்றை பிரீவீல், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கரம், போட்டாயிற்று. முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்சக்கரத்துக்குக் கடையில் செயின் வீல் என்று பெயர். புதுக் கிராங்கோடு நாற்பத்து நாலு பல் செயின் வீல் மாட்டினோம். அரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை. முட்டிக்கொண்டது.

காரணம் இது: பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கீழ்க்குழாய் போகிறது. இந்த மாடலில் தடித்த டயர் நுழைவதற்காகக் குழாயை வெளிப்பக்கம் அகட்டி வைத்திருக்கிறான். பெரிய செயின் வீலின் பற்கள் வலது குழாயில் போய் இடிக்கின்றன.

"முப்பத்தாறு பல்லுப் போட்டா முட்டாதுங்க" என்றான் காஜா. "ஆனா சமமான ரோட்டுல காத்தாடியாட்டம் காலைச் சுத்திட்டே இருக்கோணும். நீங்க எந்த ரோட்டுல ஓட்டுவீங்க?"

வாய்க்கால் கரை என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப நாப்பத்து நாலுதான் சரி. யாருக்குங்க வண்டி?"

"எனக்குத்தான்."

"உங்களுக்குன்னா சீட்டு இன்னும் ரெண்டு இஞ்சு ஏத்தோணுமே. நீங்க ஏத்த வேண்டாம்னீங்க."

இவன் போலீசுக்குப் போயிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

மழை. தனபால் 8.14.

ஜூலை 14, திங்கள்

குழாயைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் குழி விட்டால் பல் போய்வர இடம் கிடைக்கும் என்று யோசனை சொன்னேன். பல பேர் அப்படிச் செய்கிறார்கள்.

காஜா சுத்தியலை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். "ஒரு வருசம் நல்லாருக்கும். அப்பறம் அந்தக் குழியிலதாங்க ஒடையும். ஆளு மேல இருக்கறப்பத்தான் ஒடையும்."

ஜூலை 17, வியாழன்

பெடல் அச்சை மாற்றினோம். நீளமான அச்சு போட்டால் செயின் வீல் குழாயை விட்டு வெளியே தள்ளி நிற்கும். நின்றது. ஆனால் பின்னால் பிரீவீல் பழைய இடத்திலேயே இருக்கிறது. செயின் கோணலாக ஓடி, கடைத்தெரு முடிவதற்குள் மூன்று தடவை கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை காய்கறி வண்டிக்காரம்மா சிரித்தாள். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. "பஸ்சுக்கு என்னுங் ஆச்சு?" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

நீளத்தில் நடுத்தரமான அச்சு ஒன்றைக் காஜா தேடிப் பிடித்தான். செயின் நேராகவே ஓடுகிறது. செயின் வீலுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை விட்டுப் பார்த்தேன். உரசாமல் போனது. பெடலைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"முடிஞ்சுது" என்றேன்.

"ரெண்டு தீக்குச்சி வேணுமுங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தீக்குச்சி என்ன, அதில் பாதி இடைவெளியில் நான் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், நூல் நாச்சியிடம் இடைவெளி பற்றிப் பேசாதே என்றேன். கடையில் பஞ்சர் ஒட்ட வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காஜா சாக்பீஸ் எடுத்துக் குழாயில் வெள்ளையாகத் தேய்த்தான். "ஏறி உக்காந்து மேட்டுல மிதிச்சுட்டு வாங்க" என்றான்.

பாலத்து மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் சர்க், சர்க் என்றது. இறங்கிப் பார்த்தேன். வெள்ளையின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

உருட்டிக்கொண்டே வந்தேன். காஜா கோட்டைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நிக்கறப்ப இருக்கற இடைவெளி கணக்குல சேராதுங்க. பாரம் ஏறுனா எல்லாமே ஒரு பக்கம் சாயும். சாஞ்சதுக்கு அப்பறம் மிச்சம் என்ன இருக்குதோ, அதாங்க இடைவெளி."

வீட்டுக்கு வந்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை.

ஜூலை 23, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

குழாயில் இருந்த கோட்டைத் துடைக்கத் துணி கேட்டேன். சாவித்திரி உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டு வந்து கொடுத்தாள். மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. என் பழைய காக்கிச் சட்டையின் முதுகு. நடுவில் கறுப்பாக ரப்பர்க் கறை.

"தூக்கி எறிஞ்சுட்டன்னு நெனச்சீங்களா? ரெண்டு தடவ துவைச்சேன். போகல" என்றாள். பிறகு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

ஜூலை 26, சனி

சரி, எழுதுகிறேன்.

ஜூன் 18, காலை 8.22. முந்தின நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறியதில் இரண்டு நிமிடம் போய்விட்டது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். பாலத்தில் முன்னால் ஒரு நீல சைக்கிள், சுவரை ஒட்டி, நேராக. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து. எனக்குக் கேட்டது.

இடம் இருந்தது. அந்தப் பாலத்தில் சைக்கிளைத் தாண்டப் பஸ்ஸுக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இடது பக்கப் படியில் ஏழு பேர் தொங்கினார்கள். ஏழு பேர் ஒரு பக்கம் தொங்கினால் பஸ் அந்தப் பக்கம் சாயும். இது புதிதாக எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் ஆடவில்லை. கைப்பிடி தகரத்தில் பட்டது, பெடல் படியில் பட்டது. சாயங்காலம் பார்த்தபோது பஸ்ஸின் இடது தகரத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. படியின் அடி விளிம்பிலும் ஒரு கீறல். கோட்டை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். கீறலில் சேற்றைப் பூசினேன். பிறகு சேறு அசிங்கமாக இருந்ததால் பெயின்ட் அடித்தேன்.

இன்றைய குறிப்பு: "கத்தரியில் தண்டுத் துளைப்பான். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்." உரக்கடைக்காரனுக்கு வேறு வேலை இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

ரங்கப்பனுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்களாம். சாவித்திரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நடக்கிறார். ராமாத்தாள் பின்னாலேயே நடக்கிறாராம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்னும் மூன்று மில்லிமீட்டர் நீளமான அச்சு. அதே அளவுக்குப் பின்னால் பிரீவீலுக்கு அடியில் வாஷர் கொடுத்து அதையும் வெளியே நகர்த்தினான் காஜா. "முன்னாடி மட்டும் நகத்துனா ஆகாது. பின்னாடியும் நகரோணும்" என்றான். இரண்டு தீக்குச்சி தாராளமாகப் போகிறது. கிராங்குக் கையும் எங்கும் இடிக்கவில்லை. சாக்பீஸ் தேய்த்து, காஜாவைப் பின்னால் உட்கார வைத்து மேட்டில் மிதித்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

இறங்கியதும் காஜா சீட்டைத் தட்டினான். "அவருக்குச் சரியா இருக்குமுங்க" என்றான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சைக்கிளை ரங்கப்பன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் தன் பழைய வண்டி என்று அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சுற்றி வந்தார். பெடலைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"புதுசுல கூட இப்படி ஓடலீங். கட கடன்னு சத்தம் வரும். நல்லாப் பண்ணியிருக்கறீங்க."

"ஒரு சுத்து போய்ட்டு வாங்க."

"வண்டில கோளாறு இல்லீங் டிரைவரே. என்ர தலைலதான் கோளாறு."

சைக்கிளைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக ஒரு சத்தமும் இல்லை. ஐந்து வாரம் பாடுபட்டது இந்தச் சத்தம் இல்லாமைக்குத்தான். எனக்குப் பொக்கென்று போய்விட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ரங்கப்பனுக்கு ஆபீசில் தபால் ஒட்டுகிற வேலை கொடுக்கப் போகிறார்களாம். உத்தரவு புதன்கிழமை வருகிறது. என் விசாரணை செவ்வாய். முதலாளி போன் செய்தார். "சும்மா பேருக்குத்தான் நாச்சி. பதினாறாந் தேதி வண்டியெடுத்துக்க. தனபால் கியர் பாக்ஸ ஒழிச்சுப் போட்டான்."

சாவித்திரியிடம் சொன்னேன். "சைக்கிள ரிப்பேர் பண்ணிப் போட்டீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். ரங்கப்பன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"நீங்க ஆடலீங்க. நேராத்தான் போனீங்க. நாந்தான் இடிச்சேன். கோட்டைத் துடைச்சதும் நாந்தான். இதுதானுங்க துணி."

இவ்வளவுதான் சொன்னேன். வழியில் நீளமாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

அவர் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். கறையை விரலால் தடவினார்.

"அப்ப எனக்குத் தலை சுத்தலையா?"

"இல்லீங்."

"அன்னிக்கு நேராப் போனனா?"

"கோடு போட்டாப்புலப் போனீங்க."

எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலு ஒடஞ்சுதுங்க, அது கூடிருச்சு. ஏழு வாரமா, ஏழு வாரமா நான் என்னை நம்பாம இருந்தனுங்களே! கட்டில்ல படுத்து மோட்டுவளையப் பாக்கறப்பக் கூட, இப்ப ஆடுதா, இப்ப ஆடுதான்னு பாத்துட்டே கெடந்தேன். கதவத் தொறந்து வெச்சுக் குளிச்சனே டிரைவரே, எம் மருமகன் வந்திருக்கறப்ப! நீ வந்து உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போன!"

'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது. நியாயம்தான். ராமாத்தாள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்க அந்தத் துணியைத்தான் எடுக்கப் போனேன். ரங்கப்பன் கையில் இருந்தது.

"சைக்கிள எங்க?"

"காஜா கடைல."

"கொண்டாந்து வெச்சுட்டுப் போயிரு. இந்தப் பக்கம் வராத."

கொண்டு வந்து வைத்தேன். வீடு பூட்டியிருந்த மாதிரி அமைதியாக இருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

துணி வாசலில், நான் விட்டுப் போயிருந்த செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விசாரணை. எழுதிக் கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். "முடிஞ்ச விசயத்த எதுக்கு நாச்சி தோண்டற? சைக்கிள்காரனே ஒண்ணும் சொல்லலையே." அதனால்தான் என்றேன். துணியை மேசையில் வைத்தேன். இதை ஃபைலில் எப்படிக் கோப்பது என்று மேனேஜர் கேட்டார்.

ரெஸ்ட் இல்லையாம். இனி சஸ்பெண்ட்.

ஆகஸ்ட் 13, புதன்

போலீஸ் ஸ்டேஷன். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கும். திரும்பி வரும்போது என் பஸ்ஸே வந்தது. நடந்தே வந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் சாவித்திரி கேட்காமலேயே இரண்டாவது தடவை ரசம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பார்க்கப் பாலத்துக்குப் போனேன். முதலில் சருகும் பிளாஸ்டிக்கும் வந்தன, பிறகு செந்தண்ணீர் வந்தது.

8.22க்குக் கரையிலிருந்து நீல சைக்கிள் பாலத்தில் ஏறியது. ரங்கப்பன். புதன்கிழமை வந்த உத்தரவை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம், டீக்கடையில் சொன்னார்கள். மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். காதைத் தீட்டிக் கேட்டேன். உரசல் இல்லை.

அவர் சுவரை ஒட்டிப் போகவில்லை. பாலத்தின் நட்டநடுவில் போனார். அவசரமே இல்லை. பின்னால் என் பஸ் வந்து சேர்ந்தது. இடது படியில் ஏழெட்டுப் பேர். தனபால் ஹாரன் அடித்தான். ரங்கப்பன் திரும்பவில்லை, ஒதுங்கவில்லை. நான் நின்ற இடத்தைத் தாண்டும்போது என்னைப் பார்க்கவும் இல்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போனார். அவருக்குப் பின்னால் பஸ் முதல் கியரில் ஊர்ந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் அடுத்த கம்பெனி பஸ்ஸும் வந்து சேர்ந்துகொண்டது. மூன்று நிமிடமும் போயிற்று.

தனபால் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, என்ன செய்ய என்று கையை விரித்தான்.

பொறு என்று கை காட்டினேன்.